பல்லுப் படாமல் முழுங்கிய மருந்து

எங்கள் வார்டில் எனக்குப் பிறகு பொறுப்புக்கு வந்த ஜெசிந்தா போன வாரம் போன் பண்ணினாள். நோயாளி வந்து படுத்ததும் கேட்கிற கேள்விகளையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்களாம்.

"சாப்பாடுன்னு ஒரு எடம் வருது சிஸ்டர். சைவம், அசைவம்னு ரெண்டே கட்டம். ஒண்ணைத் தட்டினாதான் அடுத்த பக்கம் தொறக்குது."

"கலியபெருமாளை எந்தக் கட்டத்துல போடுவே?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. அது அவள் தப்பில்லை. கலியபெருமாள் வந்து படுத்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள். "எழுதி அனுப்புங்க, நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றாள். பேசச் சொன்னால் நான் நிறுத்த மாட்டேன் என்று தெரிந்துதான் எழுதச் சொல்லியிருக்கிறாள். எழுதினாலும் பேசுகிற மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் படிப்பில் ஊசி போடவும் கட்டுக் கட்டவும் படுக்கை விரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். படிப்பு முடிந்து ஊருக்குள்ளிருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வலியைக் கேட்டு வாங்குவதற்கு மட்டும் யாரும் பாடம் நடத்தவில்லை. அதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். வலிக்கிறது என்று சொல்லி நிறுத்துகிறவர் நம்மூரில் யார்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாத் தாத்தா, "வயித்துல பரேடு நடக்குதும்மா, லெப்ட் ரைட் தப்பாம நடக்குது" என்பார். பாகூரிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு நெஞ்சில் ஈர மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கும். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு எல்லா வலியும் மிஷின்தான். ஒருத்தருக்கு முட்டியில் தறி நாடா ஓடும், இன்னொருத்தருக்குக் காதில் சங்கு ஊதும். இதையெல்லாம் கேட்பதற்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றால் சம்பளம் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ராகவன் டாக்டர் வந்த பிறகுதான் எனக்குத் துணை கிடைத்தது. அவர் மாஹேக்காரர். மாஹேயும் நம் புதுச்சேரிதான், நடுவில் இன்னொரு மாநிலத்தையே தாண்ட வேண்டியிருந்தாலும். பேப்பர் படித்துத் தமிழ் கற்றவர், அதனால் அவர் பேசினால் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். நின்றுகொண்டு நோயாளியிடம் பேச மாட்டார். இரும்பு ஸ்டூலைக் காலாலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். "இனி எனக்கு ஒன்றும் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்பார். அவருக்குப் புரியாத பேச்சு வந்தால் என் பக்கம் திரும்புவார். "சிஸ்டரே, அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். அலங்காரம் வேண்டாம்." கோபம் வந்தால் மரியாதை கூடும். ஜூனியர் டாக்டரை "வாருங்கள், அமருங்கள்" என்று அவர் கூப்பிட்டால் அந்த ஜூனியருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

சுனாமி வந்து போன பிறகு வந்த வருடங்களில் ஒன்று. நல்ல வெயில் காலம். முதலியார்பேட்டையிலிருந்து கலியபெருமாளை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். ஐம்பதை நெருங்கிய ஆள். மில்லில் தறி ஓட்டியவர், அப்போது ஒரு அடுக்குமாடி வீட்டுக்குக் காவல்காரர். தறியில் நின்று நின்று இடுப்பு போய்விட்டது என்பது அவருடைய பழைய புகார். புதுப் புகார் தலைவலி. நாலைந்து நாளாகத் தலையைத் தூக்க முடியவில்லை, சாப்பிட்டதெல்லாம் வாந்தி, கழுத்து மரக்கட்டையாக இருந்தது. சட்டையில்லாமல் வந்திருந்தார். போர்வையைப் போர்த்தப் போனால் கையைத் தட்டிவிட்டார்.

"துணி பட்டா தோலு பொரியுது சிஸ்டர். எண்ணெயில கடுகு போட்ட மாதிரி பட்டுபட்டுன்னு பொரியுது."

அவர் மனைவி அஞ்சலாட்சம் தலைமாட்டில் நின்றாள். "எட்டூருக்குக் கேக்கற மாதிரி பேசற மனுஷன், இப்ப நான் பேசினாலே மண்டையில இடிக்குதாம். கல்யாணம் ஆனதுலேர்ந்து இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு, இப்பதான் டாக்டருங்க நம்பறாங்க" என்றாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

கடுகு பொரிகிற கதையை நான் அலங்காரமில்லாமல் டாக்டரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினவர் திரும்ப மாட்டிக்கொண்டார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "முதுகுத் தண்டு நீர் எடுக்கலாம் சிஸ்டரே" என்றார்.

அந்த வேலையில் எனக்கு ஒரு பங்கு உண்டு. நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முட்டி வயிற்றைத் தொட, தாடை நெஞ்சைத் தொட, இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசி உள்ளே இருக்கும்போது அவர் நிமிர்ந்தால் போச்சு. டாக்டர் முதுகுப் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, இடுப்பெலும்பை இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்து, கீழ்முதுகின் நடுவில் கட்டைவிரல் நகத்தால் ஓர் அடையாளம் வைப்பார். செய்யப் போவதையெல்லாம் முன்னாலேயே சொல்வார். "இப்போது ஈரமாக இருக்கும். இப்போது எறும்பு கடிக்கும். இப்போது அழுத்துவேன்." ஊசிக்குள்ளிருந்து கம்பியை உருவியதும் நீர் சொட்டுச் சொட்டாக வர வேண்டும். கலியபெருமாளுக்குச் சீறிக்கொண்டு வந்தது. தலைக்குள் அவ்வளவு அழுத்தம். கொஞ்சம் வடிந்ததும் இறால் பேசியது: "ஸ், அப்பாடா. யாரோ மண்டையிலேர்ந்து எறங்கிட்டாங்க."

டாக்டர் அந்தக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர்க் குப்பியையும் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் தண்ணீராக இருந்தது. அது இளநீராக இருந்தது, துளி மங்கல்.

ஜூனியர்கள் முதலில் நினைத்தது மூளைக்காய்ச்சல், அதிலும் டி.பி. வகை. அப்படி நினைத்ததில் தப்பே இல்லை, நம் ஊரில் அதுதான் அதிகம். டாக்டரும் மறுக்கவில்லை. ஆனால் மாதக் கணக்கில் மருந்து எழுதுவதற்கு முன் நீரைச் சாயம் போட்டுப் பார்க்க வேண்டும் என்று லேபுக்கு அவரே போனார். பிறகு என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். வெள்ளை அணு என்று பெயர்தான், உள்ளே பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாக நிரம்பியிருந்தது.

"கேசரி கிண்டி வெச்ச மாதிரி இருக்கு டாக்டர்."

"இந்தக் கேசரி ரத்தத்தில் கொஞ்சம் இருக்கும். புழு ஏதாவது உள்ளே வந்தால் கூடும். முதுகுத் தண்டு நீரில் இருக்கவே கூடாது. இவர் எதையோ வேகாமல் சாப்பிட்டிருக்கிறார், சிஸ்டரே."

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஸ்டூல் வந்தது, கண்ணாடி மடிக்குப் போனது. நத்தை உண்டா? இல்லை. நண்டு? குழம்பு வைத்தது. முயல், காட்டுப்பன்றி, கவுதாரி? கலியபெருமாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"எதுவானாலும் நல்லா வேக வெச்சதுதான் சார். பச்சையா எதையும் நான் தின்னதே இல்லை."

அஞ்சலாட்சம் சாட்சி சொன்னாள். "தோசை ஒரு ஓரம் வெளுத்திருந்தா தட்டைத் தள்ளிவுடுவாரு சார். இவரு பச்சையா தின்பாராமா?"

மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற ஆளாகவும் தெரியவில்லை. உண்மையில் அவர் பொய்யும் சொல்லவில்லை.

நீரை எடுத்ததில் தலை லேசாகி, வாந்தியும் நின்றிருந்தது. காலை ரொட்டி, பால், வாழைப்பழம் வரும் நேரத்தில் மாத்திரை கொடுத்தேன். உருண்டையைப் பார்த்து, தண்ணீரோடு இறங்காது என்றார். பழத்தை உரித்து, ஒரு விரல் நீளம் ஒடித்து, கட்டைவிரலால் நடுவில் பள்ளம் பண்ணி, மாத்திரையை உள்ளே வைத்து மூடினார். தலையை அண்ணாந்து, வாயை அகலமாகத் திறந்து, அப்படியே உள்ளே விட்டார். தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. மெல்லவே இல்லை. கண்ணில் நீர் கூட வரவில்லை.

"கொக்கு மீன் முழுங்கற மாதிரி முழுங்கறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"மருந்துன்னா அப்படித்தான் சிஸ்டர். பல்லுப் பட்டா கேக்காது."

சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, சிரிக்க வைக்கலாமே என்று கொக்குக் கதையைச் சொன்னேன். ஜூனியர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "பல்லுப் பட்டால் கேட்காது என்றாரா? அந்தச் சொல்லையேவா சொன்னார்?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலை இழுத்தார்.

"கலியபெருமாள், நான் தப்பான கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு போகட்டும். இடுப்புக்கு மருந்து ஏதாவது முழுங்கினீர்களா?"

மனுஷன் கூரையைப் பார்த்தார், விசிறியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "போலீஸ், பாரஸ்ட்டுன்னு வருவாங்களா சிஸ்டர்?"

டாக்டர் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "எனக்கு வேண்டியது இதற்குள் இருக்கிறது. வெளியே நடந்தது எனக்கு வேண்டாம்."

அப்புறம்தான் வந்தது. மில் சிநேகிதர் தட்சிணாமூர்த்திக்கு ஒரு முந்திரித் தோப்பில் வேலை. இரண்டு வாரம் முன்னால், பகல் நேரத்தில், நாய் ஒரு வளையைக் காட்டிக் கொடுக்க, உடும்பு ஒன்று மாட்டியது. அதைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சத்தமில்லாமல் சமைத்தார்கள். கறியைச் சட்டியில் போட்டு, குழைந்து போகும் அளவுக்கு வேக வைத்தார்கள். அது சாப்பாடு. ஆனால் ஈரலை மட்டும் தனியாக எடுத்து, பச்சையாக நறுக்கி, பூவன் பழத்துக்குள் வைத்து, சூரியனைப் பார்த்து முழுங்கினார்கள். அது மருந்து. இடுப்பு வலிக்கு, மூட்டு வலிக்கு, பொதுவாக ஆம்பளைத் தெம்புக்கு. பல்லுப் படக்கூடாது. பல்லுப் பட்டால் அது வெறும் கறியாகிவிடும்.

"அதான் நான் பச்சையா எதுவும் தின்னலைன்னு சொன்னேன் சார். மென்னாதானே தின்ன கணக்கு."

டாக்டர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார். பிறகு நிதானமாக விளக்கினார். அந்தப் புழுவுக்குச் சொந்த வீடு எலி. எலி போட்ட கழிவிலிருந்து நத்தைக்குப் போகும். நத்தையை உடும்பு தின்னும். உடும்பை நாம். கொதித்தால் செத்துவிடும், பச்சையாகப் போனால் உயிரோடு போகும். எலிக்குள் அதற்கு வழி தெரியும், மனிதனுக்குள் தெரியாது. தலைக்கு ஏறி, இறங்கத் தெரியாமல் அங்கேயே சாகும். அதனால் வருகிற வீக்கம்தான் இந்த வலியெல்லாம்.

"பாவம், அதுவும் அட்ரஸ் தெரியாம வந்திருக்கு" என்றார் கலியபெருமாள்.

"வீக்கத்துக்கு மருந்து கொடுக்கிறேன். தேவைப்பட்டால் திரும்பவும் நீர் எடுப்பேன். குணமாகிவிடும்" என்ற டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவில்லை. "இன்னும் ஒரு கேள்வி. ஒரு பழத்தில் எத்தனை துண்டு வரும்?"

மறுபடியும் கூரை, விசிறி. "எனக்கு ஒண்ணு, தச்சணாவுக்கு ஒண்ணு."

"பழம் அத்தோடு முடிந்ததா?"

கலியபெருமாளின் கண் ஒரு நொடி அஞ்சலாட்சத்தின் மேல் பட்டு நகர்ந்தது. அவளுக்கு அது போதும். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள்.

"சேகருக்குக் குடுத்தியா?"

"அடுத்த மாசம் கல்யாணம் ஆவப் போற புள்ள..." என்று அவர் இழுத்தார். "தெம்பா இருக்கட்டுமேன்னு..."

சேகர் அஞ்சலாட்சத்தின் தம்பி. நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். அவள் திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. சுவரில் சாய்ந்து, பேசுவது எங்களிடமா தனக்குத்தானேயா என்று தெரியாமல் பேசினாள்.

"பொண்ணுக்குப் பொடவை எடுக்கப் போனோம் சார், போன வாரம், இவரு படுக்கறதுக்கு முன்னாடி. தலைவலின்னு ஓரமா குந்திக்கிட்டிருந்தான். பொண்ணு வந்து நின்னதும், அக்கா எனக்குப் பொண்ணு ரெண்டா தெரியுதுக்கான்னான். கடையே சிரிச்சிது. ஒண்ணைக் கட்டவே வழியில்லை, ரெண்டு கேக்குதாடான்னு நான்தான் கேலி பண்ணேன்."

வார்டில் யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். அவர் ஸ்டூலை விட்டு அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. தலைக்குள் அழுத்தம் கூடினால் கண்ணைத் திருப்புகிற நரம்பு சோர்ந்து, பார்ப்பதெல்லாம் இரண்டாகும். அப்படியே விட்டால் பார்வைக்கே, ஏன், உயிருக்கே கூட ஆபத்து.

"இப்போது எங்கே இருக்கிறான்?"

"டூட்டியில சார். படகுல."

படகு நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு, கரை இரண்டாகத் தெரிகிறவன் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஆரஞ்சுப் பழப் பையோடு பார்க்க வந்தார் தட்சிணாமூர்த்தி. வாசலிலேயே அவரைத் திருப்பி, வண்டியை எடுக்கச் சொல்லி, அஞ்சலாட்சத்தைப் பின்னால் உட்கார வைத்து அனுப்பினோம்.

போனவர்கள் திரும்பும் வரை கலியபெருமாள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். போர்வையைத் தானே இழுத்துப் போர்த்திக்கொண்டார். தோல் பொரிந்திருக்கும், சொல்லவில்லை. "கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன் சிஸ்டர்?" என்று ஒரே ஒருதரம் கேட்டார். போர்வையின் ஓரத்தை அவர் தோளில் படாமல் மடித்துவிட்டேன்.

சேகர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வார்டுக்குள் தானே நடந்து வந்தான். வாட்டசாட்டமான பிள்ளை. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு பக்கம் உள்ளே காகிதம் ஒட்டியிருந்தது. ஒரு கண்ணை மறைத்தால் கரை ஒன்றாகிவிடுகிறது என்று அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான். மாப்பிள்ளை ஸ்டைல் பண்ணுகிறான் என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டலாம். "தலைவலி சாவடிக்குது, கல்யாணத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரின்னா பொண்ணு வூட்ல என்னா நெனைப்பாங்கன்னு சொல்லலைக்கா" என்றான். அவனையும் இறாலாக்கினேன். அவன் நீரும் இளநீர்தான், உள்ளே கேசரிதான். மாமன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலே கிடைத்தது.

தட்சிணாமூர்த்தியையும் உட்கார வைத்து ரத்தம் எடுக்கச் சொன்னார் டாக்டர். மனுஷன் நெளிந்தார். "எனக்கு வேணாம் சார். நான் முழுங்கலை."

பக்கத்துக் கட்டிலிலிருந்து கலியபெருமாள் தலையைத் தூக்கினார். "என்னாது?"

"குமட்டிச்சுடா. வாயில ஒதுக்கி வெச்சு வேலியோரமா துப்பிட்டேன்."

"எனக்குத்தான்டா முதல்ல குடுத்தே. சூரியனைப் பாருன்னு நீதான்டா சொன்னே."

"நீங்க ரெண்டு பேரும் சூரியனைப் பாத்தப்பதான் துப்பினேன்."

ஆனாலும் டாக்டர் விடவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார். அவர் ரத்தத்தில் ஒன்றுமில்லை. எங்கள் வார்டில் இத்தனை வருடத்தில், ஒருத்தர் ஆரோக்கியமாக இருப்பதற்காக அவ்வளவு திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

கலியபெருமாள் சீக்கிரம் தேறினார். சேகருக்குத் தலைவலி போனது, கண் மட்டும் மெதுவாகத்தான் வந்தது. புழுவைக் கொல்கிற மாத்திரை எழுதலாமே என்று ஒரு ஜூனியர் கேட்டபோது, "வாருங்கள், அமருங்கள்" என்றார் டாக்டர். ஒரேயடியாகப் புழுக்கள் செத்தால் வீக்கம் இன்னும் கூடும் என்று அவருக்கு அரைமணி நேரம் பாடம் நடந்தது. தினமும் காலையில் கண் ஒட்டை எடுத்துவிட்டு, சேகர் முன்னால் டாக்டர் ஒரு விரலை நீட்டுவார். "எத்தனை?" "ரெண்டு சார்." விரலை மடக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார்.

குறித்த முகூர்த்தம் அப்படியே தாண்டிப் போனது. பெண்ணின் அம்மா ஒரு நாள் வந்து, ஓரமாக நின்று, கண்ணுக்கு ஒட்டுப் போட்ட மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் உதட்டைப் பிதுக்கியதை அஞ்சலாட்சம் பார்த்துவிட்டாள். அன்று முழுக்கப் புருஷனோடு அவள் பேசவில்லை. பேசினால் இடிக்கிறது என்று புலம்பிய மனுஷன், "ஏதாவது பேசும்மா" என்று கெஞ்சினார்.

அடுத்த நாள் அந்தப் பெண் சுமதி தனியாக வந்தாள். தையல் கடைக்குப் போகிற வழியாம். நேராக என்னிடம் வந்து, "கண்ணு நேராயிடுமா சிஸ்டர்?" என்றாள். நாளாகும், ஆனால் ஆகிவிடும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கட்டிலுக்குப் போய், கண் ஒட்டை எடுக்கச் சொல்லி, அவன் எதிரில் நின்றாள்.

"இப்ப நான் எத்தினி பேரு?"

"ரெண்டு."

"ரெண்டு பேருல யாரு நல்லாயிருக்கா?"

அவன் கொஞ்சம் யோசித்து, "ரெண்டு பேரும்" என்றான். கெட்டிக்காரப் பிள்ளை. அந்தக் கல்யாணம் நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. டாக்டர் விரலை நீட்ட, "ஒண்ணு சார்" என்று அவன் சொன்னது அதற்குப் பிறகு சில வாரம் கழித்துத்தான்.

ஆவணியில் கல்யாணம். எங்கள் வார்டிலிருந்து நானும், டாக்டரும், பாடம் கேட்ட ஜூனியரும் போனோம். கலியபெருமாள் பட்டு வேட்டியில் ஓடியாடிக்கொண்டிருந்தார். இடுப்பு வலி அப்படியே இருக்கிறதாம். தட்சிணாமூர்த்திக்குப் பந்தியில் பரிமாறுகிற வேலை. கறிவேப்பிலையைக் கூடத் துப்பாமல் சாப்பிட்டுக் காட்டச் சொல்லி ஆளாளுக்கு அவரை வதைத்தார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் பால்பழம் கொடுத்தார்கள். பெண்ணின் அம்மா கிண்ணத்திலிருந்து ஒரு துண்டுப் பழத்தைக் கரண்டியில் எடுத்து நீட்டினாள். சேகர் வாயைத் திறந்தான். சபைக் கூச்சமோ என்னவோ, தலை கொஞ்சம் அண்ணாந்தது.

"டேய்" என்றாள் அஞ்சலாட்சம். மேளமே ஒரு நொடி தயங்கின மாதிரி இருந்தது. "மென்னு தின்னு."

மண்டபத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. ராகவன் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்துக்கொண்டே, அந்தச் சின்னப் பழத் துண்டை, ஊரே பார்க்க, மாடு அசைபோடுகிற மாதிரி நிதானமாக மென்று முடித்தான். பக்கத்திலிருந்த சுமதி குனிந்து அவன் வாய்க்குள் பார்த்து, சரி என்று தலையாட்டிய பிறகுதான் அடுத்த கரண்டி போனது.